ஆறு வாரம் அசையக் கூடாது

விரிசல் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. விரலால் சுண்டினால் மட்டும் 'டொக்' என்று உள்ளே ஏதோ பொய் சொன்னது. மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே பெஞ்சு காலி. எக்ஸ்ரேக்காரர் வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த நாலடி நீள இறக்கையை மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். பதினெட்டு வருடப் பழக்கம். இறக்கை பிடித்ததோ இல்லையோ, அவர் பிடித்துக்கொண்டார்.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்ததும் பாதி உயிர் போயிற்று. இறக்கைக்குள் முதுகெலும்பு மாதிரி ஓடும் மெல்லிய கட்டை, இடது பக்கம், குறுக்கே விண்டிருந்தது.

அது அவருடைய பத்தாவது விமானம்; போன வாரம் மேலே போன வேகத்தில் விழுந்திருந்தது. கீழே நின்று ரிமோட்டில் பறக்கவிடுகிற மாதிரி விமானங்கள். ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. ஒன்று நேராக அவர் மேலேயே வந்தது. இன்னொன்று எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை. பத்தையும் சேர்த்து அவருடைய சாதனை பதினோரு வினாடி. அதில் நாலு வினாடி விழுந்த நேரம்.

இந்தக் கண்ணராவியை எப்போதோ விட்டிருப்பார். விட முடியாமல் ஒரு சத்தியம் குறுக்கே நின்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால், சாப்பாட்டு மேசை முழுக்கக் கட்டையும் பசையும் ஒயரும் பரவிக் கிடந்த ஒரு நாள், மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இது எப்பங்க முடியும்?"

"ஒரே ஒரு தடவை. மேல போயி, சுத்தி வந்து, முழுசா இறங்கட்டும். அன்னிக்கே எல்லாத்தையும் தலைமுழுகிடறேன். சத்தியம்."

ஒரு வாரத்து வேலை என்று நினைத்து அவளும் தலையாட்டிவிட்டாள். அன்று மடிக்குப் போன தட்டு இன்னும் மேசைக்குத் திரும்பவில்லை. உலகத்தில் அவருடைய விமானம் பறக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக ஏங்கிய ஒரே ஜீவன் அவள்தான். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பாள். அவருக்கோ ஆசை என்றைக்கோ செத்துவிட்டது. பறப்பதற்காக அல்ல, விட்டுத் தொலைப்பதற்காகவே பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாரோடது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். எலும்பு டாக்டர். ஆபரேஷனுக்குப் போகிற அவசரத்தில், பச்சைத் தொப்பியோடு, வெளிச்சப் பெட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எ... எனக்கு வேண்டப்பட்டது டாக்டர்."

"என்னய்யா எலும்பு இது? உள்ள ஒண்ணுமே இல்லையே! வெறும் சக்கை! வயசு என்ன?"

"ரெண்டு மாசம்தான் ஆகுது, டாக்டர்."

"ரெண்டு மாசமா வலியை வச்சுக்கிட்டு சும்மாவா இருந்தீங்க? எப்படி ஆச்சு? விழுந்தாரா?"

"விழுந்துதான் ஆச்சு."

"எவ்வளவு உயரம்?"

எக்ஸ்ரேக்காரருக்குப் பொய் வராது. "ஒரு எண்பது அடி இருக்கும்."

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "உயிர் பிழைச்சதே பெரிசு. இப்ப எப்படி இருக்காரு?"

"ஞாயித்துக்கிழமை பறக்கணும், டாக்டர்."

"என்னது! இந்த நிலைமையில பிளைட்டா? யாரு சொன்னது? ஆறு வாரம் அசையக் கூடாது!" என்று கத்தியபடியே சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, 'இடது பக்கம், உடனே பிளாஸ்டர்' என்று கிறுக்கிக் கையெழுத்தும் போட்டு அவர் கையில் திணித்தார். "ஆறு வாரம் கழிச்சு நானே பிரிச்சுப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் டாக்டர் போகிற வழியில் பிளாஸ்டர்காரரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிளாஸ்டர்காரர் வந்தார். சீட்டைப் பார்த்தார். இறக்கையைப் பார்த்தார். எக்ஸ்ரேக்காரரைப் பார்த்தார்.

"ஆளு எங்கண்ணே?"

"ஆளு இல்லப்பா. இதுதான்."

"இதுக்கா?"

"டாக்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருப்பா. நீ போட்டாச்சுன்னு நோட்டுல எழுதிட்டுப் போயிடு."

"போடாம போட்டேன்னு எழுத மாட்டேண்ணே. இருபது வருஷத்துல ஒரு பொய் எழுதினதில்ல. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரு, பிளாஸ்டர் போட்டே ஆகணும்."

எக்ஸ்ரேக்காரர் சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் தெரியவில்லை. மனுஷனுடைய கை கூடும்போது கட்டையா கூடாது? மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்தாலே பெரிது. இங்கே பிளாஸ்டர் கிடைத்திருக்கிறது.

பிளாஸ்டர்காரர் தொழில் சுத்தம். பஞ்சு வைத்து, ஈரத் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் நீவி நீவி வழவழப்பாக்கினார். முடிந்ததும், "விரலெல்லாம் அசையுதான்னு..." என்று ஆரம்பித்து, கொஞ்சம் யோசித்து, "சரி, விடுங்க" என்றார்.

சாயங்காலம் வீட்டில் இறக்கையை விமானத்தில் பொருத்தினார். விமானம் தூங்கி வழிகிறவனைப் போல இடது பக்கம் சாய்ந்தது.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலைத் தவிர வேறு எதையும் அவர் வண்டி என்று ஒத்துக்கொண்டதில்லை.

"மாப்பிள்ளை, ஒரு பக்கம் மட்டும் லோடு ஏத்தினா தடம் புரளும்."

நியாயமான பேச்சு. மறுநாள் வலது பக்கமும் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு வந்தார். மேலே, விமானக் கிளப்பில் எல்லாரும் ஒட்டுகிற அதே மஞ்சள் தாளை ஒட்டினார். இப்போது சாயவில்லை. ஆனால் தூக்கினால் கைதான் சாய்ந்தது. பழைய பேட்டரிக்கு மோட்டார் முனகியது. அடுத்த அளவு பேட்டரி வாங்கி மூக்கில் செருகினார். மோட்டார் நன்றாகச் சுற்றியது. மூக்கு தரையைத் தொட்டது.

"எஞ்சின் பக்கம் கனம் கூடிப்போச்சு. கடைசிப் பெட்டியில ஏதாவது ஏத்துங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

கடைசிப் பெட்டி என்றால் வால். வாலுக்குள் வைக்கிற அளவுக்குச் சின்னதாகவும் கனமாகவும் என்ன இருக்கிறது என்று வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். கடைசியில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு மனைவி கேட்டாள்: "என்னங்க, பூட்டு எங்க?"

எக்ஸ்ரேக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். கதவுப் பூட்டு எங்க?"

"வால்ல இருக்கு."

"யாரு வால்ல?"

மாமனார் பக்கத்துச் சுவரை ஆராய்ந்தார். மனைவி கணவரையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் அழுதால் நேரமாகும், நேரமானால் காற்று கிளம்பிவிடும். துணி உலர்த்துகிற கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, கதவை ஜன்னல் கம்பியோடு சேர்த்து நாலு முடிச்சுப் போட்டாள்.

"இன்னிக்கு மட்டும் பறக்கட்டும்" என்றாள், கயிற்றிடம்.

மைதானத்தில் கிளப் ஆட்கள் ஆறேழு பேர், கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கங்கே நின்றார்கள். கிளப் செயலாளர் வந்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தார். உடனே கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் இது, விமானமா ரோடு ரோலரா?"

"கொஞ்சம் பிளாஸ்டர் போட்டிருக்கு."

"விமானத்துக்கா?"

"டாக்டர் சொன்னாரு."

செயலாளர் அதற்குமேல் கேட்கவில்லை. தள்ளி நின்று ஓட்டுங்கள் என்று மட்டும் சொல்லி, வாய்க்கால் பக்கம் மைதானத்தின் ஓரத்தைக் காட்டினார்.

எக்ஸ்ரேக்காரர் விமானத்தைப் புல்லில் வைத்தார். எதிரே வெயில் கண்ணைக் குத்தியது. இது விழுந்தால் பதினொன்றாவது செய்ய வேண்டும். அது விழுந்தால் பன்னிரண்டாவது. வேலையிலிருந்து ஓய்வு பெறலாம், இதிலிருந்து முடியாது. சாகிற வரைக்கும் மடியில் தட்டு. மோட்டாரை முடுக்கினார்.

விமானம் நகர்ந்தது. ஓடியது. கல்லு மண்ணு ஏற்றிய வண்டி மாதிரி முக்கி முனகிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. தரையை விடுகிற நேரம் வந்ததும் எக்ஸ்ரேக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்பது விமானங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. பக்கத்தில் மனைவி அவருக்கு முன்னாலேயே மூடியிருந்தாள். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கமான 'டமால்' வரவில்லை.

மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே புல்வெளி காலி. நிமிர்ந்து பார்த்தார். வெயிலுக்கு நடுவில், தலைக்கு மேலே, மஞ்சளாக, கொஞ்சமும் அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது விமானம்.

"என்னங்க..." மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மேல இருக்குங்க!"

"பேசாத. பேசினா விழுந்துடும்."

அவள் வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று தாண்டியதும் அடக்க முடியவில்லை. "பன்னெண்டு! அப்பா, பன்னெண்டு! பதிமூணு!"

எக்ஸ்ரேக்காரர் ரிமோட்டின் குச்சியை இடது பக்கம் தள்ளினார். விமானம் வலது பக்கம் திரும்பியது. ஒயரை மாற்றி ஒட்டிவிட்டோம் போலிருக்கிறது. வலது பக்கம் தள்ளினார். அது நேராகப் போயிற்று. அதற்கென்று ஒரு புத்தி இருப்பது போலத் தோன்றியது. பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அதற்குமேல் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினார். சண்டையே வரவில்லை. ஒரு பெரிய வட்டம். இன்னொரு வட்டம். குட்டிக்கரணம்கூடப் போட்டது.

"எலும்பு டாக்டர்னா சும்மாவா!" என்றார் மாமனார்.

ஏழு நிமிடம். பிறகுதான் அவருக்கு அந்தப் பயங்கரம் உறைத்தது: இறக்கத் தெரியாது. இதுவரை இறக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. குச்சி விரலிலிருந்து நழுவியது. "போச்சு" என்று முனகினார்.

விமானம் தானாகவே தாழ்ந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில், பூவை வைத்தது போல, புல்லில் உட்கார்ந்தது.

அப்புறம் மனைவி, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அவருக்கும் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு வருடம். விடிந்துவிட்டது.

"அழகா ஓட்டினீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் அழகு என்று சொன்னதில்லை.

அவர் கழுத்திலிருந்து ரிமோட்டைக் கழற்றினார். கழற்றும்போது ஏனோ மனசுக்குள் சின்னதாக ஒரு கிள்ளல். ஏழு நிமிடம் எவ்வளவு நன்றாக இருந்தது! ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். செயலாளரைக் கூப்பிட்டு, ரிமோட், பசை டப்பா, கருவிப் பெட்டி எல்லாவற்றையும் அவர் கையில் ஒப்படைத்தார்.

"கிளப்புக்கு என் அன்பளிப்பு. இன்னியோட நான் விட்டுட்டேன்."

"இவ்வளவு நல்லாப் பறந்தப்புறமா?" செயலாளர் ஆச்சரியப்பட்டார்.

"சொன்ன சொல்லு."

மாமனார் கையைத் தட்டினார். மனைவி அதற்குள் தங்கைக்குப் போன் போட்டிருந்தாள். "எல்லாரும் சாப்பிட வந்துடுங்க... ஆமாண்டி, மேஜையிலதான்!"

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு மனிதர் வந்துகொண்டிருந்தார். கழுத்தில் ரிமோட். கக்கத்தில் மஞ்சள் விமானம். நடையில் ஒரு தயக்கம்.

"அடடா, நீங்க எதுக்கு சார் சிரமப்பட்டு? நானே வந்து எடுத்திருப்பேனே" என்று எக்ஸ்ரேக்காரர் ஓடிப்போய், பிறந்த குழந்தையை வாங்குகிறவரைப் போல இரண்டு கையையும் நீட்டினார்.

அந்த மனிதர் விமானத்தைக் கொடுக்காமல், கொஞ்சம் பின்வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்க சார், இத்தனை நேரம் பறந்தது என்னோடது. உங்களுது கிளம்பவே இல்ல, ஓடின ஓட்டத்துல நேரா அந்த வாய்க்கால்ல போய் விழுந்துடுச்சு."