ரெண்டு கையிலயும் வெத்திலை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் மகள் மகேசுவரியோட பரிசத்துக்கு ரெண்டு பேர் வீட்டுல வெத்திலை வச்சு, "ஞாயித்துக்கிழமை வந்துருங்க"ன்னு சொல்லிட்டு வரணும்.

ஒருத்தர் என் பொஞ்சாதியோட அண்ணன் ராமையா. பொண்ணுக்குத் தாய்மாமன். அவர் வந்து நிக்காம எங்க சனத்துல பரிசம் நடக்காது. இன்னொருத்தர் மாப்பிள்ளையோட அப்பா சின்னச்சாமி. அவர் இல்லன்னா பரிசமே எதுக்கு?

ரெண்டு பேரும் இலங்கை மலைநாட்டுல, கொட்டகலைக்கு மேல இருக்கிற ஒரே தேயிலைத் தோட்டம். மச்சான் மேக்கணக்கு, அதாவது தோட்டத்தோட மேல் பிரிவு. பழைய தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர். சம்பந்தி கீழ்க்கணக்கு. புதுச் சங்கத்துக்குத் தலைவர்.

பாதையில ஒருத்தர் எதிர்ல வந்தா இன்னொருத்தர் தேயிலைக்குள்ள இறங்கிச் சுத்திப் போவார். அட்டை கடிச்சாலும் பரவாயில்லையாம்!

நான் கொட்டகலை கடைத்தெருவுல காய்கறிக் கடை வச்சிருக்கவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல கொஞ்சம் படிச்சேன். மிச்சத்தை ஹட்டன் மார்க்கெட்டுல ஏச்சு வாங்கிப் படிச்சேன். பேரத்துல என்னை ஜெயிச்ச ஆளு இன்னும் பொறக்கல. ஆனா கோவம் வந்துட்டா நான் என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது. மறுநாள் பொஞ்சாதி சொல்லித்தான் தெரிஞ்சுக்குவேன்.

கிளம்பும்போதே அவ வாசலை மறிச்சுக்கிட்டு நின்னா.

"இந்தாங்க, வெத்திலையக் குடுங்க, கும்புடுங்க, திரும்பி வாங்க. அரசியல் மட்டும் பேசிராதீங்க."

"நான் எங்கடி அரசியல் பேசுறேன்? ஞாயம் பேசுறேன்."

"அதத்தான் வேணாங்கிறேன்."

எங்களுக்கு ஓட்டு இல்ல. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோட, தோட்டத்துத் தமிழனுக்குக் கிடையாதுன்னு பிடுங்கிட்டாங்க. அதனால அரசியலை விட்டுட்டோம்னு நினைச்சுராதீங்க. ஓட்டு இருக்கிறவன் தேர்தலுக்குத் தேர்தல் சண்டை போடுவான். நாங்க தினம் போடுவோம்.

முந்தி அந்தச் சண்டையும் ஒரு அழகாத்தான் இருந்துச்சு. என் கடை வாசல்ல ஒருத்தன் பேப்பரைச் சத்தமா வாசிப்பான். இன்னொருத்தன் "அது எப்படி?"ம்பான். வாசிச்சவன் யோசிப்பான். "நீ சொல்றதும் ஒரு விதத்துல சரிதான்"ம்பான். காலையில ஒரு பக்கமாப் பேசினவன் பொழுது சாயறதுக்குள்ள பாதி தூரம் இந்தப் பக்கம் வந்திருப்பான். நடுவுல நானும் ரெண்டு பேரையும் கொஞ்சம் கிளப்பிவிட்டு நாலு கத்தரிக்காய் வித்துக்குவேன்.

இப்ப அதெல்லாம் கிடையாது. வாயைத் திறக்கிறதுக்கு முந்தியே, "நீ எந்தச் சங்கம்?" பதில் சொன்னதோட பேச்சு முடிஞ்சுது.

முதல்ல மச்சான் வீட்டுக்குப் போனேன். "வாங்க மச்சான்"னு நல்லாத்தான் ஆரம்பிச்சாரு. தேத்தண்ணி வந்துச்சு. கையில ஒரு துண்டு கருப்பட்டி. ஒரு மடக்குதான் குடிச்சிருப்பேன்.

"ஒரு ஆளு தினம் பறிக்க வேண்டிய கொழுந்தைத் தோட்டத்துத் துரை றாத்தல் கணக்குல கூட்டிட்டான், தெரியுமில்ல? நான் பேசிப் பாக்கலாங்கிறேன். கீழ்க்கணக்கு ஆளுங்க வேலை நிறுத்தம்னு குதிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

பொஞ்சாதி முகம் கண்ணு முன்னால வந்துச்சு. நான் அதைப் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

"மச்சான், துரை கூட்டினது அநியாயம். வேலைய நிறுத்துறதும் ஞாயந்தான். ஆனா இப்ப வேணாம். வெயில்ல மலையே காஞ்சு கிடக்கு. இப்ப நின்னா துரை சந்தோசமாத் தூங்குவான். மழை பெஞ்சு கொழுந்து கொட்டுற மாசம் நின்னாத்தான் அவன் இறங்கி வருவான். சரக்கு அவசரமாத் தேவைப்படுற நேரத்துலதான் பேரம் பேசணும்!"

எவ்வளவு அருமையான பேச்சு! எனக்கே புல்லரிச்சுது.

மச்சான் 'ஞாயந்தான்'கிற இடத்தோட காதை மூடிட்டாரு.

"அப்ப நீங்க அவன் ஆளு."

"மச்சான், அதுக்கப்புறம் 'ஆனா'ன்னு ஒண்ணு சொன்னேனே..."

"ஆனா கீனாவெல்லாம் எதுக்கு? நிறுத்தணுமா, வேணாமா? சம்பந்தி வீட்டுச் சோறு இப்பவே ருசிக்குதாக்கும்!"

நான் எந்திரிச்சுட்டேன். அவர் வெத்திலையை வாங்கிக்கிட்டு, "வருவேன். என் மருமகளுக்காக வருவேன். ஆனா சபையில முதல் வெத்திலை எனக்குத்தான். இல்லன்னா அப்பவே எந்திரிச்சுருவேன்"ன்னாரு. அவரு மட்டும் 'ஆனா' போடலாமாம்!

சரி, சரக்கை அடுக்கின விதந்தான் தப்புன்னு நினைச்சேன். கீழ்க்கணக்குக்கு இறங்கிப் போற வழியிலயே பேச்சைத் திருப்பி அடுக்கினேன். சம்பந்தியும் அதே கேள்வியத்தான் கேட்டாரு.

"இப்ப வேணாம் சம்பந்தி, மலை காஞ்சு கிடக்கு. ஆனா நீங்க கேக்குறது ஞாயம். கொழுந்து கொட்டுற மாசத்துல..."

"அப்ப நீங்க ராமையா ஆளு."

ஒரே வாய். ஒரே கருத்து. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள நான் ரெண்டு சங்கத்துலயும் உறுப்பினர் ஆயிட்டேன், சந்தா கட்டாமயே!

எனக்கு ஏறிப்போச்சு. "ஏன் சம்பந்தி, சந்தாவோட சேத்துக் காதையும் வாங்கிக்கிறாங்களா உங்க சங்கத்துல?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் மீசை துடிச்சுது. "பையன் முகத்துக்காக வர்றேன். முதல் வெத்திலை மாப்பிள்ளை வீட்டுக்குத்தான். கை மாறிச்சு, சம்பந்தமே இல்ல!"

வீட்டுக்கு வந்தேன். பொஞ்சாதி என் முகத்தைப் பாத்தா. "பேசினீங்களா?"

"லேசா."

"ஐயோ, லேசாவா!"

மகேசுவரி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. "அப்பா, நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே எனக்குக் கல்யாணம் நடந்துரும்பா." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா கண்ணு கலங்கியிருந்துச்சு. அந்தப் பையனை அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு.

அந்தக் கண்ணைப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரே யோசனை. யாருக்கு முதல்ல குடுத்தாலும் மத்தவர் எந்திரிப்பார். எந்திரிச்சா என் மக வாழ்க்கை போச்சு.

யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல குடுத்துட்டா? முதலும் இல்ல, ரெண்டாவதும் இல்ல! ரெண்டு தட்டையும் கடைத் தராசுல வச்சு, வெத்திலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் எடை பாத்து அடுக்கினேன். முள்ளு நடுவுல நின்னுச்சு. என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்தாங்க. ஆளுக்கொரு கூட்டத்தோட. இந்தச் சுவரோரம் ஒரு சங்கம், அந்தச் சுவரோரம் ஒரு சங்கம். நடுவுல வெறும் பாய்.

நான் எந்திரிச்சேன். ஒரு கையில ஒரு தட்டு, மறு கையில ஒரு தட்டு. நடுப்பாயில நின்னு ரெண்டு கையையும் ஒரே நேரத்துல நீட்டினேன்.

சபையே அமைதியாச்சு. அசந்துட்டாங்கன்னு நினைச்சேன்.

மச்சான் தட்டைப் பாக்கல. தட்டைப் பிடிச்ச கையைப் பாத்தாரு.

"பீச்சாங்கையால வெத்திலையா!"

அடக் கடவுளே! தராசுல எல்லாத்தையும் நிறுத்தேன், கையை நிறுக்கலயே!

பதட்டத்துல அப்படியே திரும்பி நின்னேன். இப்ப சோத்தாங்கை மச்சான் பக்கம் வந்துருச்சு. பீச்சாங்கை நேரா சம்பந்தி மூக்குக்குக் கீழ.

"ஓ, எனக்கா அது!"ன்னு சம்பந்தி எகிறினாரு.

மறுபடி திரும்பினேன். பாக்கெல்லாம் உருண்டு ஓடுது. பழம் ஒண்ணு சம்பந்தி மடியில விழுந்துச்சு. ரெண்டு கூட்டமும் எந்திரிச்சு நின்னுருச்சு. கதவோரம் மகேசுவரி அழ ஆரம்பிச்சுட்டா.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்துச்சோ கோவம்!

"உக்காருங்கய்யா! கை எது, தட்டு எதுன்னு இவ்வளவு நுணுக்கமாப் பாக்கத் தெரியுதுல்ல? ஒரு மனுசன் சொல்ற பேச்சை முழுசாக் கேக்க மட்டும் ஏன் தெரியல? மாசக்கணக்காக் கத்துறீங்களே, துரை ஒரு றாத்தல் குறைச்சானா? நீங்கல்லாம் ஒரு தலைவருங்க!"

சொல்லி முடிச்சதும் என் பொஞ்சாதி நெத்தியில அடிச்சுக்கிட்டா.

சின்னச்சாமி மடியில இருந்த பழத்தை எடுத்து ஓரமா வச்சாரு. தலையைத் திருப்பி, எத்தனையோ நாளைக்கப்புறம் ராமையாவை நேராப் பாத்தாரு.

"அண்ணே, இந்த ஆளு எப்பவுமே இப்படித்தானா?"

"கல்யாணம் பண்ணிக் குடுத்ததுல இருந்து இப்படித்தான்."

"உங்க தங்கச்சி பாவம்ணே."

"என் மருமக அதைவிடப் பாவம். சீக்கிரமா உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"பேசிருவோம், வாங்க."

நடுப்பாயில ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்தாங்க. என் கையில இருந்த ரெண்டு தட்டையும் பிடுங்கி, சோத்தாங்கையாலயே ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிட்டாங்க. பரிசம் முடிஞ்சுது! மகேசுவரி கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சா.

"அப்ப, கல்யாணத்தை எந்த மாசம்..."னு நான் மெதுவா ஆரம்பிச்சேன்.

"நீங்க பேசாதீங்க!"ன்னாங்க ரெண்டு பேரும்.

அந்தத் தோட்டத்துல ரெண்டு சங்கமும் சேந்து ஏகமனதா நிறைவேத்தின தீர்மானம் இன்னிக்கு வரைக்கும் அது ஒண்ணுதான்.