சுகந்தி தந்துவிட்ட தேங்காய்

ஒஸ்லோ கோயில் வாசலில் எத்தனையோ தேங்காய் உடைத்திருக்கிறேன். என் மானத்தை வாங்கியது நான் உடைக்காமல் விட்ட ஒன்றுதான்.

இரண்டாயிரங்களின் நடுவில், ஒஸ்லோவிலிருந்து பேர்கன் நகருக்குப் போகும் ரயில்பாதையில், மலை உச்சியில் பனி அகற்றும் வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதத்துக்குள் பிழை விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இயந்திரத்தின் முன்னால் ஆளுயரச் சுழல்கத்தி இருக்கும்; பனியை அள்ளித் தூர வீசும். என் வேலை, தண்டவாளம் பிரியும் இடங்களில் பனியைச் சவளால் வாரிச் சுரண்டுவது. (ஒஸ்லோவில் இயந்திரத்தையே நான்தான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன்.)

அந்த வாரம் பேர்கனில் மச்சானுக்குக் கல்யாணம். "பயப்பிடாமல் ரயில் ஏறுங்கோ. பாதை திறக்கிறது நான்," என்றேன் மனைவி சுகந்தியிடம். அவள் என் பையில் ஒரு தேங்காயை வைத்தாள்.

"புது மெசின். உடைச்சுப்போட்டு ஏறுங்கோ."

ஆள் பார்க்காத நேரம் பார்த்து, நின்றிருந்த இயந்திரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் ஓங்கி அடித்தேன். இரவு வெளிக்கொட்டிலில் கிடந்த தேங்காய் கல்லாக உறைந்திருந்தது. கையுறையிலிருந்து வழுக்கிப் பனிக்குவியலுக்குள் போனதுதான், தோண்டியும் அகப்படவில்லை. மேற்பார்வையாளர் ஆர்னே கூப்பிட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது, பேசாமல் ஏறிக்கொண்டேன்.

கொஞ்சத் தூரம்தான் போனோம். 'டங்!' கத்தி நின்றது. கடினமான பொருள் பட்டால் கத்தியைக் காப்பாற்றத் தானே முறியும் ஆணி ஒன்று உண்டு. அது முறிந்திருந்தது.

கீழ் நிலையத்தில் பயணிகள் ரயிலை மறித்துவிட்டார்கள். என் தொலைபேசி அடித்தது. அந்த ரயிலுக்குள்ளிருந்து சுகந்தி.

"ஏனப்பா ரயில் நிக்குது?"

"ஏதோ மெசின் பிழையாம்."

"தேங்காய் உடைச்சனீங்களோ?"

"ஓம், உடைஞ்சிட்டுது."

அதில் பொய் இல்லை. ஆர்னே கையில் சிரட்டைத் துண்டோடு எனக்கு முன்னால் நின்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறைத்திருந்தால் இன்றே உன்னை அனுப்பியிருப்பேன். அடுத்தமுறை பட்டறைக்குள் வைத்துச் சுத்தியலால் உடை," என்றார். பிறகு தாமதத்தின் காரணத்தை வானொலிக் கருவியில் கீழ் நிலையத்துக்கு உள்ளபடியே அறிவித்தார். நேர்மையான மனிதர், என்ன செய்வது.

மறுபடி தொலைபேசி.

"தேங்காயாலை தாமதமாம் எண்டு ரயில்லை அறிவிக்கினம்! பெட்டி முழுக்க எங்கடை சனம். எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்!"

அந்த மலையை விட்டு வந்து கனகாலமாயிற்று. பனிக்குள் இயந்திரம் கிளப்பும் வெள்ளைத் தூளை இன்னொரு தடவை பார்க்க மனம் கிடந்து ஏங்குகிறது. ஆர்னே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வருடாவருடம் முதல் பனி விழும் அன்று அழைத்து, "உடைத்தாயா?" என்று கேட்பார்.

கோயிலில் நான் தேங்காயைத் தூக்கினால் போதும், சுகந்தி பின்னால் நிற்பவர்களுக்குச் சொல்வாள்:

"கொஞ்சம் பொறுங்கோ. இவருக்கு மெசின் வரவேணும்."