பத்து நிமிடப் புலி

பதில் வேண்டாமலே கேள்வி கேட்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டால் முதலில் எழுந்து நிற்பவர் இந்த இனம். அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து மனித குலத்தின் வீழ்ச்சியில் கொண்டுபோய் முடிப்பவரும் இந்த இனமேதான். கேட்டு முடித்ததும் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் "எப்படி?" என்று கண்ணடிப்பாரே, அவர்தான். எதிரே அப்போதுதான் ஒருவர் பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். நம்மவருக்கு அது காதில் விழாது. அவருக்கும் பதிலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இனம் நன்றாக முற்றினால் நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சேரும். அங்கே ஆய்வுக் குழு என்று ஒன்று உண்டு. அரசுத் துறைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன செய்தீர்கள், ஏன் செய்யவில்லை என்று கேட்பது அதன் வேலை. நீதித் துறையை அப்படிக் கேட்கும் குழுவில் நம்மவர் பதினோரு வருஷமாக உறுப்பினர். 'கேள்விப்புலி' என்று பெயர். யார் வைத்த பெயர் என்று விசாரித்துப் பார்த்ததில், "என்னை எல்லாரும் கேள்விப்புலின்னு சொல்றாங்க" என்று அவரே ஒரு பேட்டியில் சொன்னதற்கு முன்னால் வேறு யாரும் சொன்னதாகத் தடயம் கிடைக்கவில்லை.

புலியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். குழு அறைக்குள் கடைசி ஆளாகத்தான் நுழைவார். கக்கத்தில் ஒரு முழ உயரத்துக்குக் கோப்புகள், அவற்றிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத் துண்டுகள். அந்தக் கோப்புகளை அவர் பிரித்து யாரும் பார்த்ததில்லை, அவை தட்டுவதற்கு. பலமாகத் தட்டினால் ஒலிவாங்கி சற்று அலறும், அந்த அலறல் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிறகு தண்ணீர்க் குவளையை ஓரமாக நகர்த்துவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், எதிரே இருக்கும் அதிகாரிகளை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வரும்: "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்."

அந்த ஒன்று ஒன்பதரை நிமிடம் ஓடும்.

குழுவின் விதி அப்படி. உறுப்பினர் ஒருவருக்குப் பத்து நிமிடம். கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்துத்தான் பத்து. மணி அடித்துவிட்டால் எது பாதியில் நின்றாலும் நின்றதுதான், அடுத்த அமர்வுக்குப் போய்விடும். இப்போது சொல்லுங்கள், இந்த விதியின்கீழ் அதிகாரிகள் யாரைக் கண்டு நடுங்குவார்கள்? புலியைக் கண்டு என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப வெள்ளந்தி. அவர்கள் நடுங்குவது மேஜையின் கோடியில் உட்கார்ந்திருக்கும், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சரான ஓர் உறுப்பினரைக் கண்டு. அந்த அம்மா "எத்தனை பேர்?" என்று கேட்பார். நிறுத்துவார். பதில் வந்தால் "எப்போ?" என்பார். மறுபடி நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் பெரிய பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். புலி வருகிறார் என்றால் துணைச் செயலாளர் காலையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்வார்: "புலி பேசுறாரா இன்னிக்கு? அப்பாடா! அப்போ டீ சொல்லுப்பா."

வீட்டிலும் இதே கதைதான். "இந்த ஜன்னலை யாரு தொறந்து வச்சது?" என்று அவர் ஆரம்பித்து, காற்று, தூசி, பொறுப்புணர்ச்சி, தன் அப்பா காலத்து ஒழுங்கு என்று வலம்வந்து முடிப்பதற்குள் அவர் மனைவி ஜன்னலைச் சாத்தி, ஒரு கூடைத் துணியை மடித்து வைத்துவிட்டு வந்திருப்பாள். கல்யாணமான புதிதில் பதில் சொல்லிப் பார்த்தவள்தான் அவளும்.

இந்தப் புலியிடம்தான் ஒரு தையல்கார அம்மா தன் தம்பிக்காக மனுக் கொடுத்தாள்.

தம்பி விசாரணைக் கைதி. கடைக் கண்ணாடியை உடைத்தான் என்று வழக்கு. உடைத்தானா இல்லையா என்று இன்னும் யாரும் விசாரிக்கவில்லை. உடைத்தது நிரூபணமானால் அதிகபட்சம் ஆறு மாதம் தண்டனை; உள்ளே போய் இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய வழியில் கோப்பு காணாமல் போய்விட்டது. கோப்பு இல்லாமல் விசாரணை இல்லை, விசாரணை இல்லாமல் விடுதலை இல்லை. "போன தடவை பாக்கப் போனப்போ, 'அக்கா, இனிமே வராதே, நான் இங்கேயே பழகிட்டேன்'னு சொல்றானுங்கய்யா" என்று அவள் சொன்னபோது புலிக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அதில் பொய்யில்லை. அதற்கப்புறம் மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று, அந்தக் கலக்கத்தைக் கேள்வியின் எந்த இடத்தில் வரவழைத்தால் எடுபடும் என்று பழகினார். அதிலும் பொய்யில்லை.

இங்கே இன்னொரு விதியைச் சொல்லியாக வேண்டும். குழுவின் முன் இருக்கும் மனுவின்மேல், குழு பதிலைப் பதிவு செய்யும்வரை துறை தானாக ஒரு கையெழுத்துக்கூடப் போடக் கூடாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதைப் போராடிக் கொண்டுவந்தவர் புலிதான். அதுவரை கேள்வியின் நகல் கைக்குப் போனதுமே துறை முந்திக்கொண்டு காரியத்தை முடித்துவிடும். காரியம் முடிந்துபோனால் அப்புறம் எதைக் கேட்பது?

அமர்வு நாள் வந்தது. தையல்கார அம்மா பின்வரிசையில் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் தம்பிக்குத் தைத்த புதுச் சட்டை. அளவெடுக்க ஆள் கையில் இல்லை, ஞாபகத்திலிருந்து தைத்தது. எதிர்வரிசையில் துறைச் செயலாளர். பதவிக்கு வந்து மூன்று வாரமே ஆன புதுப் பெண்மணி. புலியைப் பற்றி ஒன்றும் தெரியாத பாவம், கேள்வியை நிஜமாகவே கேள்வி என்று நம்பி, நாலு அலுவலகத்தின் அலமாரிகளைக் குடைந்து பதில் கண்டுபிடித்து எடுத்து வந்திருந்தார். கையில் ஒரே ஒரு தாள். படிக்கப் பதினைந்து விநாடி போதும்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்," என்றார் புலி. கோப்புகளைத் தட்டினார். ஒலிவாங்கி அலறியது. நீதி என்பது என்ன என்று ஆரம்பித்தார்.

இரண்டாவது நிமிடத்தில் செயலாளர் கை தூக்கினார். "ஐயா, இந்த மனு சம்பந்தமா ஒரு நல்ல..."

"இருங்கம்மா! நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள பதிலா?" சுற்றி உட்கார்ந்தவர்கள் சிரித்தார்கள். புலிக்குச் சிரிப்பு என்றால் பெட்ரோல் ஊற்றிய மாதிரி. சிறைச்சாலையின் சுவர்களைப் பற்றி ஒரு சுற்று, தன் இளமைக்கால வறுமையைப் பற்றி ஒரு சுற்று, சம்பந்தமே இல்லாமல் ரயில் தாமதத்தைப் பற்றி அரைச் சுற்று.

ஐந்தாவது நிமிடம் செயலாளர் தாளை உயர்த்திக் காட்டினார்.

"தாளை ஆட்டாதீங்கம்மா! தாள்ல இருக்கா நீதி? ஒரு அக்காவோட கண்ணீரு உங்க தாள்ல இருக்கா?" இந்த இடத்தில்தான் கண் கலங்க வேண்டும். கலங்கியது. அரை விநாடிகூடப் பிசகவில்லை.

எட்டரை நிமிடத்தில் குழுத் தலைவருக்கே பொறுக்கவில்லை. "உறுப்பினர் அவர்களே, துறை ஏதோ சொல்ல விரும்புது போல இருக்கு."

"தலைவர் அவர்களே, என் நேரத்தை நீங்களே தின்னுட்டா நான் எங்க போவேன்?" என்று கேட்டுவிட்டு, அதையே ஒரு நிமிடத்துக்கு விரித்துப் பேசினார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார். விரலை நீட்டினார். "கடைசியா கேக்குறேன். அந்தத் தம்பி எப்போ வெளிய வருவான்? பதில் இருக்கா உங்ககிட்ட? நான் சொல்லட்டுமா? இல்ல! இந்தத் துறைகிட்ட பதிலே இல்ல!"

மணி அடித்தது.

"நேரம் முடிந்தது. பதில் பெறப்படவில்லை. கேள்வி அடுத்த அமர்வுக்கு," என்றார் தலைவர். அடுத்த அமர்வு நாலு மாதம் கழித்து. செயலாளர் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தார். துணைச் செயலாளர் அவர் பக்கம் சாய்ந்து, "போகப் போகப் பழகிடும் மேடம். டீ ஆறுது பாருங்க," என்றார்.

வெளியே நடைவழியில் புலியைச் சுற்றி நாலைந்து பேர். "பிச்சு உதறிட்டீங்க!" "வறுத்தெடுத்துட்டீங்க!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்கார அம்மா வந்தாள்.

"பாத்தீங்களாம்மா, எப்படிக் கிழிச்சேன்னு?"

"பாத்தேங்கய்யா. அந்த அம்மா ஒரு தாள் வச்சிருந்தாங்களே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

புலி திகைத்தார். பதினோரு வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. நல்லவேளையாக அந்தப் பக்கம் வந்த செயலாளர் நின்றார். "உங்க தம்பி கோப்பு கிடைச்சிடுச்சும்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல். "விடுதலைக்கு எல்லாம் தயார். இன்னிக்குப் பதிவாகியிருந்தா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருப்பாரு. இப்போ அடுத்த அமர்வு வரைக்கும் விதி என் கையைக் கட்டிப் போட்டிருக்கு. மன்னிச்சிடுங்கம்மா."

புலி வெட்கப்பட்டிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அந்த இனத்தை இன்னும் நீங்கள் புரிந்துகொள்ளவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! நான் கேட்டதாலதான் கோப்பே கிடைச்சிருக்கு! விடமாட்டேன்மா. இந்த நாலு மாசத் தாமதத்துக்கு யாரு பொறுப்புன்னு அடுத்த கூட்டத்துல நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்!"

அவள் பையிலிருந்த சட்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "நாலு மாசத்துல இன்னும் இளைச்சிருப்பான்," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "பக்கத்தைப் பிடிச்சுத் தைக்கணும்." பிறகு நிமிர்ந்தாள். "ஐயா, ஒரு உதவி. அடுத்த தடவை என் தம்பி கேள்வியை, உங்களுக்கு முன்னாடி கேட்டாங்களே, அந்த டீச்சரம்மாகிட்ட குடுத்துடுங்க."

"ஏன்மா? நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்..." என்று புலி ஆரம்பித்தார். நன்றி என்றால் என்ன என்று கேட்டார். பதினோரு வருஷ உழைப்பைப் பற்றிக் கேட்டார். மக்களுக்காகத் தேய்ந்த தன் செருப்பைப் பற்றிக்கூடக் கேட்டார். கேட்டு முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது நடைவழியில் ஈ காக்கை இல்லை. "எப்படி?" என்று கண்ணடிக்கக்கூட ஆள் இல்லை.

அவருக்கு நன்றாக வேண்டும் என்கிறீர்கள். சரி. நேற்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உடம்பு இப்போ எப்படி இருக்கு?" என்று ஒருவரைக் கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர் என்ன சொன்னார்?

அவசரமில்லை. பத்து நிமிடம் இருக்கிறது.