நான்கு டையோடும் வலம் வந்தபோது

நேர்முகத் தேர்வில் பதில் தெரியாமல் முழித்தவர்களை உலகம் மன்னித்துவிடும். பதில் தெரியும் என்று சிரித்துக்கொண்டே போய், தேர்வு நடந்த லாட்ஜையே இருட்டாக்கியவர்களை மன்னிப்பது கொஞ்சம் கஷ்டம். நான் இரண்டாவது வகை.

எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. வாசலில் அப்பாவின் கூல்டிரிங்ஸ் கடை. பட்டம் வாங்கிய பெண் உட்கார்ந்து பன்னீர் சோடா உடைப்பதா என்று எனக்கு ஒரே ரோஷம். சோலார் பம்புக்கு கன்ட்ரோலர் செய்யும் கம்பெனி ஒன்று திருவண்ணாமலைக்கே வந்து ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"இனிமே கடைக்கு வேற ஆள் பாத்துக்கோப்பா. எனக்கு வேலை கெடைச்ச மாதிரிதான்."

"இன்டர்வியூவே இன்னும் நடக்கலியேம்மா."

"அது சும்மா பேசிக் கொஸ்டின்தான்பா."

இந்தத் தைரியத்துக்குக் காரணம் உண்டு. பவர் எலக்ட்ரானிக்ஸ் என்றால் என் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். எனக்கு வராது. அதைப் படிக்க நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். டையோடு மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும். ஆகவே அது கிரிவலம். கெபாசிட்டர் என்பது அன்னதானக் கூடம்; கூட்டம் அலையலையாக வந்தாலும் வெளியே நிதானமாக அனுப்பும். தைரிஸ்டர் என்பது சிறப்பு தரிசனக் கதவு. ஒருமுறை திறந்துவிட்டால் உள்ளே வருகிற வரிசை தீரும்வரை மூட முடியாது. (இதைச் சொல்லிக்கொடுத்தே சில பேரை பாஸாக்கியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள்.)

அப்பா என்னை டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டு, அங்கேயே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். ஹாலில் இரண்டு பேர். ஒருவர் தலை நரைத்த சீனியர் இன்ஜினியர், வெளியூர்க்காரர். பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு மேடம். சீனியர் கேட்கக் கேட்க நான் வெளுத்துக் கட்டினேன். தரிசனக் கதவைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேடம்கூட பேனாவை வைத்துவிட்டுக் கவனித்தார். வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். மனதுக்குள் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவையும் எடுத்தாகிவிட்டது.

"ரொம்ப நல்லா சொல்றீங்க. ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் மாட்டிக் காட்டிடுங்க, முடிச்சிக்கலாம்" என்றார் சீனியர்.

அது வேறொன்றுமில்லை. முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தை ஒரே பக்கம் ஓடும் டிசியாக மாற்றுகிற அமைப்பு. சாய்சதுரத்தின் நான்கு பக்கத்துக்கும் ஒவ்வொரு டையோடு. மேசையில் ஒரு பலகை, டையோடுகள், சின்ன டிரான்ஸ்ஃபார்மர், பல்பு எல்லாம் தயாராக இருந்தன. நான் விறுவிறுவென்று மாட்டினேன். அந்த நேரம் பார்த்து சீனியருக்குப் போன் வந்தது.

"ஒரு வாட்டி செக் பண்ணிக்கோங்க, வந்துடறேன்" என்று ஹாலின் மூலைக்குப் போனார்.

"தேவையில்ல சார், எனக்கு இது கண்ண மூடினாலும் வரும்" என்று சுவிட்சைத் தட்டினேன்.

தீபாவளி ஊசிவெடி போல ஒரு சத்தம். டையோடுகளிலிருந்து கரும்புகை. அந்த லாட்ஜின் வயரிங் எந்தக் காலத்தது என்று தெரியவில்லை. மெயின் விழுந்து ஹாலோடு சேர்த்து மாடி முழுக்க அணைந்துபோனது. ஃபேன் நின்றது. வெளியே காத்திருந்த மற்ற பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். இடுப்பில் துண்டு, தலையெல்லாம் சோப்பு நுரை.

"எவன்யா அது கரண்ட நிறுத்துனவன்? பாத்ரூம்ல கும்மிருட்டு. சோப்ப கண்ணுலயே தேச்சிக்கினேன்!"

"எவனும் இல்லீங்க" என்று சீனியர் பணிவாக என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்கதான்."

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. துண்டுக்காரர் திட்டிக்கொண்டே போனதும், சீனியர் செல்போன் வெளிச்சத்தில் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நாலு டையோடும் ஒரே சுத்தா சுத்தி வருது?"

"அப்படித்தானே சார் சுத்தணும்?" என்று கேட்டேவிட்டேன்.

மேல்பக்கத்து டையோடுகள் வலமாகப் போனால், கீழ்ப்பக்கத்தவை இடமாகப் போகவேண்டும். இரண்டு பாதையும் ஒரே முனையில் போய்ச் சேர்ந்தால்தான் பல்புக்கு மின்சாரம். புத்தகத்தில் கண் தேயப் பார்த்த படம்தான். ஆனால் என் கை அடி அண்ணாமலைக் கை. பௌர்ணமி அன்று பால் வாங்க எதிர்ப்பக்கம் நாலடி வைத்தால்கூட, "இன்னாம்மா, எதிர்ல வர்ற?" என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்கும் தெருவில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைக்கூட யாரும் இடமாகச் சுற்றி வந்து நான் பார்த்ததில்லை. நான்கையும் வலம் வர வைத்துவிட்டேன். மின்சாரம் பல்பை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு ஒயரிலிருந்து மறு ஒயருக்கு நேராகப் பாய்ந்து, வழியில் இருந்த எல்லாவற்றையும் கருக்கிவிட்டது.

"கரண்டுக்கு பக்தி கெடையாதும்மா" என்றார் சீனியர். திட்டியிருந்தால் தேவலாம், அவர் அன்பாகச் சொன்னதில்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழே வந்தேன். அப்பா எழுந்து ஓடிவந்தார்.

"இன்னாம்மா, லாட்ஜ்ல கரண்டே இல்ல? இருட்டுலயா கேள்வி கேட்டாங்க?"

"நான்தாம்பா நிறுத்துனேன்."

"நீயா? எவ்ளோ?"

"மாடி முழுக்க."

அப்பா என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. வண்டி ஆடிய ஆட்டத்தில் நான் அழுவதா, கம்பியைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வந்தேன்.

வேலை கிடைக்கவில்லை. அந்தப் பௌர்ணமிக்கு ரோஷத்தையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு நானே கடையில் உட்கார்ந்து பன்னீர் சோடா உடைத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "என் பொண்ணு இன்ஜினியர், ஒரு லாட்ஜையே நிறுத்திருக்கா" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் வேறொரு கம்பெனியில் அதே கேள்வி வந்தது. கீழ்ப்பக்கத்து டையோடுகளை இடமாகத் திருப்பும்போது, மனதுக்குள் அண்ணாமலையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் இன்வெர்ட்டர் வடிவமைக்கும் குழுவில் நான்தான் சீனியர். என்னைக் கேட்காமல் அங்கே யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள்.

ஆனால் வீட்டில் அந்த மரியாதையெல்லாம் செல்லாது. போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் அப்பா போன் செய்தார்.

"அம்மாடி, நீ ஊருக்கு எதுனா வந்துகீறியா?"

"இல்லப்பா, ஆபீஸ்ல இருக்கேன். ஏன்?"

"இங்க தெரு பூரா கரண்ட் இல்ல. நீ இல்லன்னா சரி, நெஜமாவே கரண்ட் கட்டுதான்."