பாட்டை நேராக ஓடவிடாதவர்

உலகத்தில் பாடுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் உண்டு. இவர்களுக்கு நடுவே, ஒரு பாட்டு இருக்கிறபடியே இருப்பதைப் பார்த்தால் கை அரிக்கிற மூன்றாவது இனமும் உண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்த இனத்தைச் சேர்ந்தவர் ஜெபசிங். பகலில் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கிறார். மாலையில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறார். பெல்ட் நேராக ஓட வேண்டும். பாட்டு மட்டும் நேராக ஓடிவிடக் கூடாது.

டிசம்பர் பிறந்தால், சின்னக் குழந்தையும் பாடுகிற ஒரு கிறிஸ்துமஸ் தாலாட்டை எடுப்பார். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலுக்கும் பாகம் பிரிப்பார். ஒருவர் 'தொழுவில்' என்னும்போது இன்னொருவர் 'தூங்கும்' என்பார், மூன்றாமவர் வெறும் 'ஊ' என்பார், அதற்குள் சுருதி ஒரு படி ஏறியிருக்கும். எதற்காக இத்தனையும்? கேட்டுத்தான் பாருங்களேன்!

"மெட்டு எங்கங்க போச்சு, சார்?" என்று கேட்டார் பேஸ் பாடும் ராஜேந்திரன்.

"உள்ளதான் இருக்கு. தேடிப் பாருங்க."

இந்த வருடம் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடிக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் வெண்மதி வீட்டுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் குழுவின் முன்வரிசையில் நின்று பாடியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தார்.

ஜெபசிங் கையை உயர்த்தினார். அதே தாலாட்டு நான்கு குரலாக நான்கு திசையில் புறப்பட்டது. வெண்மதியின் உதடு அசைந்தது. எந்தக் குரலைப் பிடிப்பதென்று தெரியாமல் முகம் முகமாகப் பார்த்தார், கண் கலங்கியது. சோப்ரானோ பாடிய இசைப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. தன் பாகத்தை விட்டுப் பழைய மெட்டுக்குத் தாவினாள். ராஜேந்திரன் தாவினார். பிறகு எல்லோரும்.

வெண்மதி பாடினார். குழறலாக, ஆனால் சொல் சொல்லாக.

"பாடுதுங்க!" என்று அலறினார் அவர் கணவர் சிங்காரவேல். "ஒரு வார்த்தை வராம கெடந்துச்சு, இப்ப பாடிக்கினு இருக்குது பாருங்க!"

ஜெபசிங்கின் கை அந்தரத்தில் நின்றது. கடைசி அடியை அவரும் பாடினார், ஒரு வளைவு நெளிவு இல்லாமல்.

திருந்திவிட்டாரா? வாசலுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா வந்துச்சு. அடுத்த வருஷமும் இப்படியே பாடிடலாம். ஆனா ராஜேந்திரன், நீங்க கொஞ்சம் முன்னாடியே தாவிட்டீங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அடுத்த வீட்டு ரசத்தை ருசித்து, 'அருமை' என்று சொன்ன கையோடு வாயை மூடிக்கொள்ள முடிந்தவர்தானே நீங்கள்? அப்படியானால், 'கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்...' என்று இழுக்காமல் இதை மூடிவைத்துக் காட்டுங்கள், பார்ப்போம்.