மூன்றாவது பெட்டியையும் நிறுத்திவிட்டேன்

அன்பும் மரியாதையும் மிக்க ஹெலி சித்திக்கு,

அக்காள் மகள் வில்யா எழுதுவது. இங்கே அம்மா, நான், நாய் மூவரும் நலம். நாளை காலை ஒன்பது மணிக்குப் பிறகு என் நலத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஓலு நகரில் நீங்களும் இதே கணினி வேலை பார்ப்பதால், போர்வைக்குள் ஒளிந்துகொண்டு இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன்.

இது ஒன்பதாம் வகுப்புக்கு வேலை பழகும் வாரம். நான் நகராட்சிக் கணினி அறையைக் கவனிக்கும் ரைமோவிடம் இருக்கிறேன். இணையத்தில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி எந்தக் கணினி கேட்டாலும் அதற்குரிய எண்ணைச் சொல்ல அங்கே மூன்று பெட்டிகள். மூன்றும் பழைய வழியிலும் பதில் சொல்லும், புது வழியிலும் சொல்லும். நாளுக்கு ஆறு வார்த்தை பேசும் ரைமோ, "ரெண்டுல பழசை நிறுத்திடு" என்று பாதியைச் செலவழித்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். நிறுத்தினேன். மூன்றாவது மட்டும் தனியாக, அலங்கோலமாகத் தெரிந்தது. அதிலும் பழசை நிறுத்தினேன்.

சித்தி, பழைய வழி மட்டும் தெரிந்த கணினிகள் இனி யாரைப் போய்க் கேட்கும்? முன்பு கேட்டு வைத்த பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருந்தன. நாலு மணிக்கு நீச்சல் குளம் மறந்தது, ஐந்துக்கு நூலகம், ஏழுக்கு நம் வீடு. ரைமோவின் வேலையைத் தெற்கே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடுவதா என்று நாளை காலை ஒன்பதுக்கு நகரசபையில் ஓட்டெடுப்பு. அம்மாவும் உறுப்பினர். தீர்மானத்தைப் படிக்க உட்கார்ந்தவள், நகராட்சி இணையப் பக்கம் திறக்காமல் ரைமோவுக்கே போன் போட்டாள்.

"ரைமோ, ஊரையே காணோம்!"

"இருக்கே மெர்வி. ஜன்னல்ல பாரு."

"கிண்டலா? கம்ப்யூட்டர்ல காணோம்ங்கிறேன்!"

"என் கம்ப்யூட்டர்ல வருதே."

அவர் கணினிக்குப் புது வழியும் தெரியும், வராமல் என்ன செய்யும்! அம்மா போனை வைத்துவிட்டு, "ஊரையே தொலைச்சிட்டு ஜன்னலைப் பாருங்கிறான், இவனுக்கு ஒரு வேலை!" என்றாள். அவர் வேலை போனால் அது என்னால்தான். காலைக்குள் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

சித்தப்பாவுக்கு வணக்கம், குட்டித் தம்பிக்கு முத்தம்.

போர்வைக்குள்ளிருந்து,
வில்யா

பி.கு.: பயம் தாங்காமல் ரைமோவுக்கே குறுஞ்செய்தியில் ஒப்புக்கொண்டுவிட்டேன். "மூணாவதுமா? ஒரு பெட்டியாவது பழசுல பேசணும்மா" என்று பதில் வந்தது. பத்தே நிமிடத்தில் ஊர் திரும்பிவிட்டது. ஆனால் அதற்குள், பக்கம் திறக்காததால் தீர்மானத்தை ஓர் உறுப்பினரும் படிக்கவில்லையாம், ஓட்டெடுப்பை அக்டோபருக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ரைமோ கடைசியாக அனுப்பியது: "அக்டோபர்ல உனக்கு லீவு இருக்கா?"