நூலகம் வலையேறிய வரலாறு

எழுத்துக்கும் அச்சுக்கும் பிறகு மனித அறிவின் வரலாற்றில் நடந்த மூன்றாவது பெரிய நிகழ்ச்சி, அந்தப் பள்ளி நூலகம் வலையேறியதுதான். தலைமையாசிரியரே இதைக் காலைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டதால் இனி யாரும் சந்தேகப்பட வழியில்லை.

ஏற்றும் பொறுப்பு நூலகர் அம்மாளின் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக, எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அதாவது, தலைமையாசிரியர் பார்வையில் ‘ஒன்றும் தெரியாதவர்’. அவருக்கு நான்கு வார இணையப் பயிற்சி. வைஃபை ஒழுங்காக எடுக்கிற அறை நூலகம் ஒன்றுதான் என்பதால் பயிற்சி அங்கேயே நடந்தது. பயிற்சிக்கு இடைஞ்சல் கூடாதே என்று மாணவர்களுக்கு நூலகம் பூட்டப்பட்டது. ஒரு நூலகத்தை நவீனமாக்க வேண்டுமானால் முதலில் அதில் படிக்கிறவர்களை அப்புறப்படுத்த வேண்டும்.

“மிஸ், ரெண்டாம் பாகம் மட்டும் எடுத்துக்கறேன்,” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. “முதல் பாகம் முடியறப்போ கப்பல் பாதி முழுகிடுச்சு.”

“சார்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா.”

சார் சொன்னார்: “அவசரப்படாதீங்க மேடம். நாம இப்போ மாற்றத்துல இருக்கோம்.”

கப்பல் பாதி முழுகியபடியே நின்றது.

நூலகர் அம்மாள் கெட்டிக்காரர். முதல் வாரம் வலைப்பூ தொடங்கினார். இரண்டாம் வாரம், எல்லாரும் இணையத்தில் பார்க்கிற ‘பகிர்வு நாட்காட்டி’ போட்டார். அதில் எல்லா நாளும் ‘நூலகம் இல்லை’ என்று பச்சை நிறத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. மூன்றாம் வாரம் இணையக் கருத்துக்கணிப்பு. கேள்வியை அவரே யோசித்தார்: ‘நூலகத்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? ஒரே சொல்லில் எழுதவும்.’

நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். நான்காம் வாரம் பதில்களை ‘சொல்மேகம்’ செய்யும் கருவியில் கொட்டினார். நிறையப் பேர் எழுதிய சொல் பெரிதாகத் தெரியும். நடுவில் யானைக்குட்டி போல ஒரே சொல் நின்றது: ‘திறங்க’. சுற்றிலும் பொடி எழுத்தில் ‘பூட்டு’, ‘எப்போ’, ‘கப்பல்’.

தலைமையாசிரியர் நெகிழ்ந்துபோனார்.

“அருமை மேடம். கலர் எவ்வளவு நல்லா வந்திருக்கு.”

“படிச்சீங்களா சார்?”

“படிக்கணுமா என்ன, பார்த்தாலே தெரியுதே. மாணவர் குரல். பெருசா பிரிண்ட் போட்டு வாசல்ல ஒட்டிடலாம்.”

வாசலில் இரட்டைக் கதவு. இரண்டையும் சேர்த்து ஆறடி அகலத்துக்கு ஒட்டினார்கள். பார்வையிட வந்த அதிகாரி மேகத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். ‘மாணவர் குரலுக்குச் செவிசாய்த்த பள்ளி’ என்று சான்றிதழும் வந்தது.

“பயிற்சிதான் முடிஞ்சுதே சார். இனிமே திறந்துடலாமா?”

“எப்படி மேடம்? திறந்தா கிழிஞ்சிடுமே.”

நூலகர் அம்மாள் பூட்டிய கதவின் முன் வந்து நின்றார். இருபத்திரண்டு வருட வேலையில் மேலிடத்துச் சொல்லை ஒருமுறையும் தட்டியதில்லை. பிறகு, நான்கு வாரத்தில் யாரும் சொல்லித்தராத பழைய கருவி ஒன்றைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கதவைத் தள்ளியதும் சர்ரென்று சத்தம் கேட்டது. இடைவேளை முடிவதற்குள் முப்பத்தெட்டுப் புத்தகங்கள் வெளியே போயின. முதலில் போனது இரண்டாம் பாகம்.

பள்ளி விடுவதற்குள் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்துவிட்டது. நிர்வாகம் நியாயம் தவறாதது. குற்றம் இன்னதென்று தெளிவாகவே எழுதியிருந்தது: ‘மாணவர் குரலை நடுவில் இரண்டாகக் கிழித்தது.’